கேட்பவர் தரும் அவகாசம்: மனோதர்மமும் அவையும்

நல்ல ரசிகர்கள் அமைந்தால் கச்சேரி தானாகக் களைகட்டும் என்று பாடகர்கள் சொல்வார்கள். மிருதங்க வித்வான்களும் ஜாஸ் கலைஞர்களும் கவ்வாலி பாடுபவர்களும் தெருக்கூத்துக் கட்டியங்காரரும் இதையே தத்தம் சொற்களில் சொல்கிறார்கள். மனோதர்மமாக, அதாவது அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து, நிகழ்த்தும் எந்தக் கலையிலும் இந்த நம்பிக்கை உண்டு. ஆனால் அவையிலிருந்து மேடைக்கு அப்படி என்னதான் போகிறது என்று கேட்டால், ‘உற்சாகம்’, ‘சக்தி’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கைத்தட்டல் கூடினால் வாசிப்பு உயரும், குறைந்தால் தாழும் என்பதுதான் கணக்கு என்றால், ஆரவாரம் மிகுந்த அரங்குகளில்தான் சிறந்த ஆலாபனைகள் பிறந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்.

கர்நாடக இசைக் கச்சேரியை நடுவில் வைத்து, அரபு இசை, கவ்வாலி, ஜாஸ் ஆகியவற்றின் அனுபவத்தையும், உளவியல் ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் விடை இது: அவை கலைஞருக்குத் தருவதில் தலையாயது அவகாசம். இந்த இடத்தில் இன்னும் சற்று நிற்கலாம், அவசரமில்லை, நாங்கள் கூடவே வருகிறோம் என்னும் அனுமதி. மேடையில் நாம் காணும் உற்சாகத்தில் பெரும்பகுதி அந்த அவகாசத்தால் விளைவது. சில அவைகள் அதைத் தருகின்றன. சில அவைகள் எவ்வளவு பலமாகக் கைதட்டினாலும் அதைப் பறித்துக்கொள்கின்றன.

தாளம் போடும் கைகள்

கல்பனாஸ்வரம் பாடும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு: எட்டு அட்சரம். அரங்கில் பாதிப் பேருடைய கை தொடையில் இதைப் போட்டுக்கொண்டிருக்கிறது. பாடகர் பல்லவி வரியை அரை இடம் தள்ளி எடுக்கிறார். முதலில் கால் ஆவர்த்தனத்துக்குச் சின்னதாய் ஒரு ஸ்வரம் பாடி வரிக்குத் திரும்புகிறார். பிறகு ஒரு ஆவர்த்தனம், இரண்டு, நான்கு. வயலின் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறது. குறைப்பு வருகிறது. கடைசியில் கோர்வை: ஒரே அமைப்பு மூன்று முறை. இரண்டாம் முறை முடியும்போதே, மூன்றாவது எங்கே போய் விழும் என்று தாளம் போடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எடுப்பின் அரை இடத்தில் அது சரியாக வந்து உட்காரும்போது எழும் ‘பலே’ பாராட்டு மட்டும் அல்ல, கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது என்ற சான்றும்கூட.

உலகில் வேறெங்கும் இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்துக்கொண்டு கேட்கும் அவை அரிது. ஜாஸ் ரசிகர் காலால் தட்டுவார், தலையசைப்பார். 32 தாளச் சுற்றுகள் (பார்) கொண்ட கட்டங்களையும் எண்ணிக்கொண்டே வருபவர் சிலர்தான். ஐரோப்பிய நாடக அரங்குகளில் கைத்தட்டல் எப்படி ஒரே சீராகச் சேர்கிறது என்று ருமேனியா, ஹங்கேரி ஆய்வாளர்கள் பதிவு செய்து 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதி வேகத்துக்குக் குறைத்துக்கொண்டபோதுதான் ஒத்திசைவு வந்தது. அங்கே நிகழ்ச்சி முடிந்த பின் கூட்டம் தனக்குள் ஒரு தாளத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. நம் கச்சேரியில் முதல் உருப்படியிலிருந்தே மேடைக்கும் அவைக்கும் தாளம் பொதுச்சொத்து. பாடகர் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் எங்கே இருக்கிறார் என்று அவைக்குத் தெரியும். அவைக்குத் தெரிகிறது என்பது அவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவர் இன்னும் விலகிப் போகிறார்.

ஆலாபனைக்குத் தாளம் இல்லை. ஆகவே அங்கே அனுமதி வேறு வழிகளில் வருகிறது. தோடியில் காந்தாரத்தில் நின்று அசைத்துக்கொண்டிருக்கும் பாடகருக்கு முன்வரிசைத் தலையசைப்பும், வயலின்காரர் அந்தக் கார்வையைத் தொடர்ந்து பிடித்துத் தரும் விதமும், ஒருவரும் இருமாத அந்த நொடியும் செய்தி சொல்கின்றன. இங்கே பக்கவாத்தியக்காரரே முதல் ரசிகர் என்பதை மறந்துவிடக் கூடாது. அரங்கு காலியாக இருந்தாலும் ஒரு நல்ல வயலின் வித்வான் பக்கத்தில் இருந்தால் பாடகர் தனியாக இல்லை.

நாட்டிய சாஸ்திரம் 27-ஆம் அத்தியாயத்தில் நிகழ்ச்சியின் வெற்றியை மானுடம், தெய்விகம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. மானுட வெற்றிக்கு அடையாளமாகப் புன்னகை, சிரிப்பு, ‘சாது’, ‘அஹோ’ என்னும் பாராட்டுகள், மயிர்க்கூச்சு, எழுந்து நிற்பது, ஆடையையும் மோதிரத்தையும் வீசித் தருவது ஆகியவற்றைச் சொல்கிறது. தெய்விக வெற்றிக்கு அது கூறும் அடையாளம் நிறைந்த அரங்கு, அதில் ஓசையின்மை, சலனமின்மை. ஆரவாரத்துக்கு மேல் ஒரு படி இருக்கிறது என்று இந்த நூல் கண்டுகொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். இன்றைய ஆய்வுகள் கைத்தட்டலை அளக்கின்றன. நிறைந்த அரங்கின் மௌனத்தை அளப்பதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

மறுபடி பாடச் சொல்லும் அவைகள்

கேட்பவர் தரும் அவகாசத்தை வெளிப்படையான முறையாகவே ஆக்கிக்கொண்டது அரபு இசை. எகிப்தியப் பாடகி உம் குல்தூம் 1930-களிலிருந்து பல பத்தாண்டுகள், பருவம்தோறும் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் கெய்ரோவில் பாடினார். வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. அவருடைய பாடல்கள் இயற்றப்பட்டவைதான், இசைக்குழுவும் பெரியது. ஆனால் ஒரு வரியை எத்தனை முறை, எந்தெந்தச் சங்கதியோடு பாடுவது என்பது அன்றிரவு அவையில் தீர்மானமானது. ஒரு வரி முடிந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்து மறுபடி கேட்கும். அவர் அதே வரியை வேறு அழுத்தத்தில், வேறு மகாம் (அரபு இசையின் ராக அமைப்பு) சாயலில், ஒரு சொல்லை மட்டும் நீட்டிப் பாடுவார். மறுபடி ஆர்ப்பரிப்பு. ஒரு பாடல் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த மேடைப் பதிவுகளை ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவற்றோடு ஒப்பிட்டால், நீளத்தில் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி கேட்டவர்களால் வந்தது என்று சொல்லிவிடலாம்.

லெபனானில் பிறந்த இசைக்கலைஞரும் ஆய்வாளருமான ஏ.ஜே. ரேஸி, ‘தரப்’ என்னும் இந்த இசைப் பரவசத்தைப் பற்றி 2003-இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே ‘ஸம்மீஆ’ என்று பெயர் பெற்ற தேர்ந்த ரசிகர்கள் உண்டு. எந்த இடத்தில் வாய்விட்டுப் பாராட்ட வேண்டும், எங்கே அடங்கியிருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தவறான இடத்தில் எழும் கூச்சல் கலைஞரைக் குலைத்துவிடும். சரியான இடத்தில் வரும் ஒரு பெருமூச்சு அவரை ‘ஸல்தனா’ என்னும் நிலைக்கு, அதாவது அந்த மகாமிலேயே மூழ்கிக் கிடக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். நம் சபாக்களின் முன்வரிசையில் உட்கார்ந்து, பிடியைக் கேட்டவுடன் ராகத்தை அறிந்து தலையசைத்த மூத்த ரசிகர்களுக்கு ஸம்மீஆக்கள் நெருங்கிய உறவு.

சூஃபி பக்தி இசையான கவ்வாலியில் இது கடமையாகவே இருக்கிறது. தில்லி நிஜாமுத்தீன் தர்காவின் மெஹ்ஃபில் என்னும் இசைக்கூட்டங்களை ஆராய்ந்து ரெகுலா குரேஷி 1986-இல் எழுதிய நூல் இந்தத் துறையில் முக்கியமானது. கவ்வால் பாடும்போது அவர் கண் அவையில் இருக்கிறது. எந்தச் சொல்லில் யார் அசைகிறார் என்று பார்க்கிறார். ஒருவர் பரவச நிலைக்குப் போய்விட்டால், அவரை அங்கே கொண்டுபோன வரியையே அவர் தணியும் வரை திரும்பத் திரும்பப் பாட வேண்டும். வரியை மாற்றுவது அவருக்குக் கேடு என்று நம்புகிறார்கள். ஞானி குத்புத்தீன் பக்தியார் காகி 1235-இல் இப்படி ஒரு ஈரடியைக் கேட்டுப் பரவசத்தில் பல நாள் கிடந்து உயிர் துறந்தார் என்று சூஃபி மரபு சொல்கிறது. இங்கே பாடுகிறவரின் கற்பனை எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேட்கிறவரின் உடம்பு. மேடையின் ஆற்றல் அவையிலிருந்து வருகிறது என்ற பொதுப்பேச்சை இதைவிடக் கூர்மையாக எந்த மரபும் நடைமுறைப்படுத்தவில்லை.

நியூபோர்ட், 1956

ஜாஸ் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் இரவு 1956 ஜூலை 7. அமெரிக்காவின் நியூபோர்ட் விழாவில் ட்யூக் எலிங்டன் குழு வாசிக்கிறது. நள்ளிரவை நெருங்கும் நேரம், கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. 1937-இல் தாம் இயற்றிய இரண்டு பகுதிகள் கொண்ட ஒரு ப்ளூஸ் படைப்பை எலிங்டன் எடுக்கிறார். இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் பால் கோன்ஸால்வெஸுக்குத் தனி. 12 பார் கொண்ட கட்டம் ஒவ்வொன்றாக அவர் வாசித்துக்கொண்டே போகிறார். கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் தம் இருக்கையிலிருந்து எழுந்து ஆடத் தொடங்குகிறார். கூட்டம் எழுகிறது. மேடை ஓரத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டுகிறார். கலவரம் ஆகிவிடுமோ என்று அமைப்பாளர் ஜார்ஜ் வெயின் பதறுகிறார். கோன்ஸால்வெஸ் 27 கட்டங்கள் வாசித்துத்தான் நிறுத்தினார். அடுத்த மாதம் எலிங்டன் ‘டைம்’ இதழின் அட்டையில் வந்தார்.

அந்தத் தனியைக் கவனமாகக் கேட்டால் ஒன்று தெரிகிறது. ஸ்வரக் கற்பனையில் அது கோன்ஸால்வெஸின் மிக நுட்பமான வாசிப்பு அல்ல. பல சொற்கட்டுகள் அவரிடம் ஏற்கெனவே இருந்தவை, அந்த இடத்தில் முன்பும் அவர் நீளமாக வாசித்ததுண்டு. அன்று புதிதாக இருந்தது அங்கேயே தங்கியதுதான். பத்தாவது கட்டத்தில் இறங்க வேண்டியவரை அவை இறங்கவிடவில்லை. 27-ஆவது கட்டத்தின் மூர்க்கம் அதற்கு முந்தைய 26 கட்டங்களால் வந்தது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. கோன்ஸால்வெஸ் தவறான மைக்கில் வாசித்துவிட்டார். அது ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியின் மைக். கொலம்பியா நிறுவனத்தின் பதிவில் அவருடைய வாசிப்பு எங்கோ தொலைவில் கேட்டது. 1956-இல் வந்த இசைத்தட்டில் பல பகுதிகள் ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுபடி வாசிக்கப்பட்டு, கூட்டத்தின் ஓசை மேலே சேர்க்கப்பட்டவை. வானொலி நாடா பிற்பாடு கண்டெடுக்கப்பட்டு, இரண்டையும் இணைத்து 1999-இல்தான் அந்த இரவு ஏறத்தாழ உள்ளபடி வெளிவந்தது. அவையின் ஓசை இல்லாவிட்டால் இசை நம்பத்தக்கதாக இராது என்று தயாரிப்பாளர்கள் கருதியிருக்கிறார்கள்.

இதே துறையில் இதற்கு நேர்மாறான வழியைத் தேடியவர் சார்ல்ஸ் மிங்கஸ். 1960-இல் நியூயார்க்கில் யாருமில்லாத ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் நால்வர் குழுவோடு வாசித்தபோது, முன்னால் ஒரு இரவு விடுதிக் கூட்டம் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு உருப்படியையும் அறிமுகம் செய்தார். கைதட்ட வேண்டாம், கோப்பையில் பனிக்கட்டியைக் குலுக்க வேண்டாம் என்று அந்த இல்லாத கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஒரு அவை வேண்டியிருந்தது, ஆனால் அடங்கிக் கேட்கும் அவை வேண்டியிருந்தது. அதைக் கற்பனையில்தான் பெற முடிந்தது. 1966-இல் ஜாஸ் கலைஞர் கேனன்பால் ஆடர்லி ‘தி கிளப்’ என்னும் இரவு விடுதியில் பதிவானதாக அறிவித்த புகழ்பெற்ற இசைத்தட்டு, உண்மையில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் விருந்தினரை அழைத்து, மதுவும் கொடுத்து உருவாக்கப்பட்டது.

எதிர்ச் சான்றுகள்

அவைதான் எல்லாம் என்றால் ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் 1961 ஜூன் 25-ஐ எப்படி விளக்குவது? நியூயார்க்கின் ‘வில்லேஜ் வேன்கார்ட்’ விடுதியில் அன்று பிற்பகலும் இரவுமாக அவருடைய மூவர் குழு ஐந்து முறை வாசித்தது. பதிவில் கோப்பைகள் மோதுகின்றன, பேச்சும் சிரிப்பும் இடையறாமல் கேட்கின்றன. கவனித்தவர்கள் குறைவு. ஆனாலும் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சமமாக உரையாடும் இசைக்கு அது இன்றும் இலக்கணமாக இருக்கிறது.

பல நாள் இது என்னைத் தடுமாற வைத்தது. இப்போது இதையும் அதே கணக்கில்தான் சேர்க்கிறேன். அக்கறையில்லாத கூட்டம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. உச்சத்துக்கு எப்போது வருவாய் என்று அது காத்திருக்கவில்லை. ஆகவே மூவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு தங்களுக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். அறிந்து கேட்கும் அவையும் அவகாசம் தருகிறது, எதிர்பார்ப்பே இல்லாத அவையும் தருகிறது. அவகாசத்தைப் பறிப்பது நடுவில் இருக்கும் மூன்றாவது வகை: ஓரளவு தெரிந்த, அடுத்த சிறப்பிடத்துக்காகக் காத்திருக்கும் அவை.

பாரிஸ் தேவாலயங்களின் ஆர்கன் கலைஞர்கள் இன்னொரு சான்று. மார்செல் டுப்ரே, பியர் கோஷ்ரோ போன்றவர்கள் வழிபாட்டின்போது அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிப்பதில் பேர்பெற்றவர்கள். வாசிப்பவர் மாடத்தில் மறைந்திருப்பார், வழிபாட்டின் நடுவே யாரும் கைதட்டுவதில்லை. ஐரோப்பியச் செவ்வியல் இசையின் பொதுமேடைகளில் கற்பனை வாசிப்பு அருகிப்போன பின்னும் அங்கே அது உயிரோடு இருந்தது.

நம் நாகஸ்வர மரபுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரியோடு தொடங்கி, மாட வீதிகளில் நின்று நின்று போகும் ஊர்வலத்தில் வாசிப்பது சுவாமிக்கு. நுழைவுச்சீட்டு இல்லை, மணிக்கணக்கு இல்லை. வீதி முனையில் சுவாமி நின்றுவிட்டால் ராகம் தொடரும். விவசாயியும் கடைக்காரரும் மற்ற ஊர் வித்வான்களும் சுற்றி நின்று கேட்பார்கள், பிடிக்காதவர் நடையைக் கட்டலாம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இப்படிப்பட்ட இரவுகளில் வளர்ந்தது. ஜி.என். பாலசுப்பிரமணியம் உள்ளிட்ட வாய்ப்பாட்டுக் கலைஞர்களின் ஆலாபனையில் நாகஸ்வரத்தின் பாதிப்பு இருக்கிறதென்றால், அந்தத் தெருக்கூட்டத்தின் பொறுமைக்கும் அதில் பங்கு உண்டு.

ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் இருபுறமும் சேர்கிறார். 1975 ஜனவரி 24 இரவு கொலோன் இசைநாடக அரங்கில் அவர் கேட்ட பெரிய பியானோ கிடைக்காமல், மேல், கீழ் ஸ்தாயிகள் சரியில்லாத சிறிய கருவியில் வாசிக்க நேர்ந்தது. அரங்கின் அழைப்பு மணியின் ஸ்வரங்களிலேயே அவர் தொடங்கியதாகச் சொல்வார்கள். அவையில் எழும் மெல்லிய சிரிப்பு பதிவில் இருக்கிறது. அந்தச் சிரிப்போடு அவை உள்ளே வந்துவிட்டது. இடக்கையில் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு, நடு ஸ்தாயியிலேயே நின்று அவர் எழுப்பியது, தனிப் பியானோ இசைத்தட்டுகளில் மிக அதிகமாக விற்றவற்றுள் ஒன்று. அதே ஜாரெட் பின்னாளில் இருமலுக்காக வாசிப்பை நிறுத்தினார். 2007-இல் பெருஜியாவில் படம் எடுத்தவர்களை மேடையிலிருந்தே கடிந்தார். அவையைத் தம் வாசிப்பின் ஒரு பகுதியாகக் கருதியவருக்கு, அவை விலகினால் தம் கருவியே பழுதானதைப் போல் தோன்றியிருக்க வேண்டும்.

அறிவியல் சொல்வதும் சொல்லாததும்

பிறர் முன்னிலையில் செயல்திறன் மாறுகிறது என்பதை 1898-இல் உளவியலாளர் நார்மன் டிரிப்லெட், சைக்கிள் பந்தயக் கணக்குகளிலிருந்து தொடங்கி எழுதினார். பல பத்தாண்டுகள் ஆய்வு முடிவுகள் முரண்பட்டன. 1965-இல் ராபர்ட் ஸயான்ஸ் அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார். பிறர் பார்க்கும்போது உடல் விழிப்படைகிறது, அப்போது எது நன்றாகப் பழகியிருக்கிறதோ அது முந்திக்கொண்டு வருகிறது. பழகிய வேலை மேம்படும், பழகாத வேலை தடுமாறும். கரப்பான்பூச்சிகளை வைத்து 1969-இல் அவர் குழு செய்த சோதனை புகழ்பெற்றது. மற்ற கரப்பான்கள் பார்க்கும்போது நேர்ப்பாதையில் வேகமாக ஓடின, திருப்பம் உள்ள பாதையில் தாமதித்தன.

மனோதர்மத்துக்கு இதைப் பொருத்தினால் கிடைக்கும் முடிவு, நம் மேடைப் பேச்சுக்கு எதிரானது. இது என் ஊகம், ஆனால் வலுவான ஊகம் என்று நினைக்கிறேன். எந்த வித்வானிடமும் ஆயிரம் முறை பாடிய பிடிகள் உண்டு, இன்றுதான் தேடிப் பார்க்க வேண்டிய வழிகளும் உண்டு. பெரிய கூட்டத்தின் முன் உடல் துடிப்பு ஏறும்போது முந்திக்கொண்டு வருவது பழகிய பிடிகள். ஆற்றல் கூடுகிறது, புதுமை குறைகிறது. அரங்கு அதிரும் கச்சேரியில் அதே வேகஸ்வரங்களையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்த கோர்வைகளையும் கேட்கிறோம். ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அதே பாடகர் தொட்டிராத இடங்களைத் தொடுகிறார். சத்தமான ஆற்றலையும் துணிச்சலான ஆற்றலையும் ஒன்றென்று எண்ணுவது இந்த விவாதத்தின் பெரிய குழப்பம்.

வள்ளுவர் அவையறிதலையும் அவையஞ்சாமையையும் 72, 73 என அடுத்தடுத்த அதிகாரங்களாகப் பிரித்து வைத்தார். சொல்லாற்றுவாருக்கு எழுதியதுதான் என்றாலும், ஆய்வுலகம் இன்றுவரை அந்த இரண்டாம் பாதியில்தான் அதிகம் உழைத்திருக்கிறது. அச்சம், பதற்றம், துடிப்பு பற்றிய அளவைகள் ஏராளம். கலைஞர் அவையை எப்படி அறிகிறார், எதைப் பார்த்து எதை முடிவு செய்கிறார் என்பது பற்றி அளந்து சொன்னவை குறைவு.

சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 2008-இல் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, 35 கட்டைகள் கொண்ட சிறு கீபோர்டில் வாசிக்கச் செய்தார்கள். கற்பனையாக வாசித்தபோது, தன்னைத் தானே கண்காணிக்கும் முன்மூளைப் பகுதிகளின் செயல் தணிந்திருந்தது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அந்தக் கருவிக்குள் அவை இல்லை. கண்காணிப்பைத் தணிக்கும் அவை எது, தூண்டிவிடும் அவை எது என்று அது சொல்ல முடியாது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2014-இல் திறந்த ‘லைவ்லேப்’ அரங்கு ரசிகர்களின் அசைவையே அளக்க வல்லது. அங்கே நடந்த ஓர் ஆய்வில், பதிவு ஒலித்தபோதைவிடக் கலைஞர் நேரில் பாடியபோது கேட்டவர்கள் தலையை வேகமாக அசைத்தார்கள். மேடையிலிருந்து அவைக்குப் போவதை இது காட்டுகிறது. திரும்பி வருவது பற்றிக் கலைஞர்களின் வாய்மொழிதான் இன்னும் நமக்குச் சான்று. கிதார் கலைஞர் டெரிக் பெய்லி 1980-இல் வெளியான தம் நூலில், கற்பனை இசையின் அவைக்கு வேறெந்த அவைக்கும் இல்லாத அதிகாரம் உண்டு, தன் கண்முன் உருவாகிக்கொண்டிருப்பதையே அது மாற்ற வல்லது என்று எழுதினார். ஆய்வகங்கள் இன்னும் அந்த வாக்கியத்தை எட்டவில்லை.

அவையை மாற்றினால் கலை மாறும்

1778-இல் பாரிஸில் தம் சிம்பொனி நடந்தபோது, ரசிகர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே ஒரு பகுதியை வைத்ததாகவும், அவர்கள் இசையின் நடுவிலேயே கைதட்டியதாகவும் மொஸார்ட் தந்தைக்கு எழுதினார். பிந்தைய நூற்றாண்டில் ஐரோப்பிய அவை மெல்ல மெல்ல வாய் மூடியது. 1876-இல் வாக்னர் பைராய்ட்டில் அரங்கையே இருட்டாக்கினார். அதே காலத்தில்தான் பியானோ மேடைகளில் கற்பனை வாசிப்பு மறைந்தது. அச்சு நூல்கள், இசைக்கல்லூரிகள், இயற்றியவரின் மேல் வளர்ந்த பக்தி எல்லாம் காரணங்கள். ஆனால் முகம் தெரியாத இருட்டை நோக்கி யாரால் நினைத்ததை நினைத்தபடி வாசிக்க முடியும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழகத்தில் மாற்றம் வேறு வழியில் வந்தது. 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கிய காலத்தை ஒட்டி, நுழைவுச்சீட்டு வாங்கி வரும் நகரத்து அவை உருவானது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகக் கருதப்படும் கச்சேரி பத்ததி அந்த அவையோடு செய்துகொண்ட நல்ல உடன்பாடு: வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், அளவான பிரதான ராகம், தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள். எல்லோருக்கும் இடம் கிடைத்தது. ஒரே பல்லவியில் பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு மட்டும் சுருங்கிற்று. பிறகு மைக் வந்தது, மென்குரலுக்கும் வாழ்வு வந்தது. அதே மைக், பாடகருக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே ஒரு இயந்திரத்தை வைத்தது. பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் மைக் இல்லாத கச்சேரிக்காக வாதாடியது மிருதங்க நாதத்துக்காக என்பார்கள். அதில் அவையின் நெருக்கத்துக்கான வாதமும் இருக்கிறது.

வானொலி நிலையம் கண்ணாடிக்குப் பின்னால் அவையே இல்லாமல் பாட வைத்தது. சிவப்பு விளக்கு எரியும் அந்த அரை மணியில் அற்புதமான பதிவுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பதிவுகள் செறிவானவை, அளந்து வைத்தவை. ஆகாசவாணியே 1954 முதல் சங்கீத சம்மேளனத்தை அழைக்கப்பட்ட ரசிகர்கள் முன் நடத்தத் தொடங்கியது. 2020 டிசம்பரில் கொரோனாவால் சென்னை இசைச் சீசன் பெரும்பாலும் இணையத்துக்குப் போனபோது, அந்தப் பழைய வானொலிக் கூடத்தின் சூழல் திரும்பியது. ஒளியமைப்பும் ஒலியும் முன்னெப்போதும் இல்லாத துல்லியத்தில் இருந்தன. கோர்வை முடிந்து சமத்தில் விழுந்த பின் எழுந்த வெறுமை மட்டும் கேட்டவர் நெஞ்சை உறுத்தியது. பக்கவாத்தியக்காரர்கள் அந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிகமாக ‘ஆஹா’ சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்றைய நிலையில் எனக்குக் கவலை தருபவை இரண்டு. ஒன்று தனி ஆவர்த்தனம். மிருதங்க வித்வான் முதல் சொல்லை வைக்கும் அதே நேரத்தில் நாற்காலிகள் மடங்கும் ஓசை எழுகிறது, கேன்டீனை நோக்கி ஒரு வரிசை நகர்கிறது. இரண்டு மணி நேரம் அடுத்தவர் கற்பனைக்குத் துணை நின்றவர் தம் கற்பனையைத் திறக்கும் இடம் அது. எழுந்து போகிறவர்களின் முதுகு அவருக்குத் தெரிகிறது. சிலர் சுருக்கி முடிக்கிறார்கள், சிலர் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தத் தொடக்கத்திலேயே அதிரடியாக வாசிக்கிறார்கள். விளம்பத்தில் விட்டு விட்டு வாசித்து, இடைவெளிகளால் பேசும் வாசிப்பு இதில் பலியாகிறது. இத்தனைக்கும் தாளம் போடத் தெரிந்த அவை நம்முடையது. எதற்காக அந்தத் தாளத்தைக் கற்றோமோ அந்த நேரத்தில் எழுந்து போகிறோம்.

இன்னொன்று கைபேசி. எல்லாம் பதிவாகிறது என்றான பின், சறுக்கிவிடக்கூடிய ஒரு பிரயோகத்தை மேடையில் முயல்வதற்கு விலை கூடிவிட்டது. ஒரு நிமிடத் துண்டாக ஊரெல்லாம் சுற்றுவது உச்ச ஸ்தாயியும் துரித காலமும்தான். மந்தர ஸ்தாயியில் ஐந்து நிமிடம் நின்ற கார்வை துண்டாக வெட்டத் தகுதியற்றது. ஆண்டுக்கணக்கில் எதற்குக் கைத்தட்டல் வருகிறதோ அது வளர்கிறது, வராதது உதிர்கிறது. இளம் பாடகர்களின் திறமை முன்பைவிடக் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு நாம் தரும் நேரம்தான் குறைந்திருக்கிறது.

இந்தக் கேள்வியை ஆராய்வதற்குச் சென்னை டிசம்பர் சீசனைப் போன்ற களம் உலகில் வேறெங்கும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஒரே பாடகர் சில வாரங்களுக்குள் பெரிய சபாவிலும், சிறிய சபாவிலும், யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்திலும் பாடுகிறார். பக்கவாத்தியமும் பல நேரம் அதே குழு. ஒரே ராகத்தை மூன்று இடங்களில் பாடச் சொல்லிப் பதிவு செய்யலாம். ஆலாபனையின் நீளம், கார்வைகளின் அளவு, முந்தைய கச்சேரியில் இல்லாத பிடிகள் எத்தனை, வீட்டில் கட்டிய கோர்வைக்கும் மேடையில் பிறந்ததற்கும் உள்ள விகிதம் ஆகியவற்றைப் பாடகரையே உடன் உட்காரவைத்துக் குறிக்கலாம். அவை விளக்குகளை ஒரு நாள் அணைத்தும் ஒரு நாள் எரியவிட்டும் பார்க்கலாம். தனி ஆவர்த்தனத்தின்போது கதவை மூடிவைக்கச் சம்மதிக்கும் சபா ஒன்று கிடைத்தால், மூடிய நாளின் வாசிப்பையும் திறந்த நாளின் வாசிப்பையும் அருகருகே வைத்துக் கேட்கலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல ஒலிப்பதிவும், தாளம் தெரிந்த நான்கு மாணவர்களும், ஒரு சீசன் முழுவதும் உட்கார்ந்து கேட்கும் பொறுமையும் போதும்.